சொல் எல்லாம் தெரியும், விடை மட்டும் தவறு: சீன மாணவர்களின் ஆங்கில வாசிப்புத் தேர்வு எப்படி வேலை செய்கிறது?

சீனாவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் எழுதும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். 2024இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். சீன மொழி, கணிதம், அயல்மொழி ஆகிய மூன்றுக்கும் தலா 150 மதிப்பெண். மற்ற பாடங்களையும் சேர்த்தால் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750. அயல்மொழியாக ஜப்பானியம், ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகியவற்றில் ஒன்றையும் எடுக்கலாம் என்றாலும் பெரும்பாலானோர் எடுப்பது ஆங்கிலம்தான். பெரும்பாலான இடங்களில் ஜூன் 8ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்குத் தாள் தொடங்கும், 5 மணிக்கு முடியும்.

அந்தத் தாளின் ஒலிப்பதிவுப் பகுதிதான் ஆண்டுதோறும் செய்தியில் அடிபடும். மாணவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத் தேர்வு மையங்களைச் சுற்றி ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நடக்கக் கூடாது என்று ஊரே அடங்கிப்போகும். ஆனால் மாணவரின் தலையெழுத்தை அதிகம் தீர்மானிப்பது அதற்கு அப்புறம் வரும் பகுதி. தேசிய அளவிலான புதிய தாளில் கேட்டலுக்கு 30 மதிப்பெண், வாசிப்புக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40. இந்தக் கணக்கை மேலோட்டமாகப் பார்த்தால் வாசிப்புக்கு மூன்றில் ஒரு பங்கு என்று தோன்றும். உண்மையில் மொழிப் பயன்பாட்டுக் கேள்விகளும் ஒரு முழு உரையைப் படித்து, அதன் நடுவிலுள்ள கோடிட்ட இடங்களை நிரப்புவதுதான். எழுத்துப் பகுதியிலும் 25 மதிப்பெண் ஒரு கதையைப் படித்துவிட்டு அதைத் தொடர்ந்து எழுதுவதற்கு. கூட்டிப் பாருங்கள், 150இல் 105 மதிப்பெண் ஆங்கில உரையைப் படித்துப் புரிந்துகொள்வதில் தொங்குகிறது. வாசிப்பை வென்றவன் உலகை வென்றவன் என்று சீன ஆசிரியர்கள் வகுப்பில் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அந்த 50 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது? முதலில் நான்கு உரைப்பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொல் நீளம். ஏ, பி, சி, டி என்று பெயரிட்டிருப்பார்கள். நான்குக்கும் சேர்த்து 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆப்ஷன், இரண்டரை மதிப்பெண். அடுத்து இன்னொரு உரை வரும். அதிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவி எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைத் தந்து பொருத்தச் சொல்வார்கள். மாணவர்கள் மத்தியில் இதற்குப் பெயர் ‘ஏழில் ஐந்து’. பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் ஆகிய நகரங்கள் தங்களுக்கென்று தனித் தாள் தயாரிக்கின்றன. அங்கே வடிவம் கொஞ்சம் மாறும், அடிப்படை மாறாது.

இனி, மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

ஏ பகுதி எப்போதும் எளிமையாகத்தான் இருக்கும். கோடைகால வகுப்பு விளம்பரம், அருங்காட்சியகக் கட்டணப் பட்டியல், பேருந்து நேரம் என்று தகவல் தேடும் வகை. 2023ஆம் ஆண்டு புதிய தேசியத் தாள் ஒன்றில் ஏ பகுதியாக வந்தது ஆம்ஸ்டர்டாம் நகரில் வாடகைக்கு சைக்கிள் எடுப்பது பற்றிய ஒரு தகவல் பக்கம். அதில் ஒரு கட்டணப் பட்டியல். கைப் பிரேக்கும் மூன்று கியரும் உள்ள சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 14.75 யூரோ, கூடுதலாகும் ஒவ்வொரு நாளுக்கும் 8 யூரோ. கால் பிரேக் உள்ள, கியர் இல்லாத சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 9.75 யூரோ, கூடுதல் நாளுக்கு 6 யூரோ. கேள்வி: கைப் பிரேக்கும் மூன்று கியரும் உள்ள சைக்கிளை இரண்டு நாளைக்கு எடுத்தால் எவ்வளவு?

கொடுத்த ஆப்ஷன்கள் நான்கு: 15.75, 19.50, 22.75, 29.50.

விடை 22.75. ஒரு நாள் 14.75, அதோடு கூடுதல் நாள் 8. மற்ற மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 29.50 என்பது 14.75ஐ இரண்டால் பெருக்கினால் வருவது. ‘கூடுதல் நாள்’ என்ற வரியைப் படிக்காதவருக்கான குழி அது. 15.75 என்பது கால் பிரேக் வரிசையைச் சரியாகக் கூட்டினால் கிடைப்பது. பட்டியலில் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவியவருக்காக. 19.50 இரண்டு தவறையும் சேர்த்துச் செய்தவருக்காக. ஒரு எண்கூடக் குத்துமதிப்பாகப் போட்டதில்லை. தேர்வு எழுதுபவர் எந்தெந்த இடத்தில் கால் தவறுவார் என்று வினாத்தாள் தயாரித்தவர் முன்கூட்டியே நடந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு தவறான விடையைத் தயாராக வைத்திருக்கிறார்.

இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்டால் வாசிப்புத் தேர்வின் பாதி சூட்சுமம் புரிந்துவிடும் என்பேன். மாணவர் செய்யக்கூடிய தவறுதான் அங்கே ஆப்ஷனாக அச்சாகியிருக்கிறது. ஆகவே ‘நான் போட்ட கணக்கின் விடை ஆப்ஷனில் இருக்கிறது, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை.

சொல் தெரிந்தால் போதுமா?

சீன மாணவர்கள் ஆங்கிலத்துக்குத் தயாராகும் முறையில் முதலிடம் சொல் மனப்பாடத்துக்குத்தான். 2017இல் வந்த மேல்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் 3000 சொற்களைப் பட்டியலிடுகிறது. காலை வகுப்பு தொடங்குமுன் சத்தமாக வாசிக்கும் நேரம், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நேரம் என்று கிடைக்கிற சந்தில் எல்லாம் அந்தப் பட்டியலை உருப்போடுகிறார்கள். அது வீண் வேலை இல்லை. 3000 சொல் தெரியாமல் டி பகுதிக்குள் நுழைய முடியாது. பட்டியலுக்கு வெளியே உள்ள சொல் வந்தால் வினாத்தாளிலேயே பக்கத்தில் சீனத்தில் பொருள் தருவதும் உண்டு.

சிக்கல் வேறிடத்தில். பட்டியலில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பொருள்தான் மனதில் பதியும். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி. நமக்கும் அதுதான் தெரியும், சீன மாணவருக்கும் அதுதான் தெரியும். தேர்வு உரையிலோ ஓர் அரசு ஒரு பிரச்சினையை ‘அட்ரஸ்’ செய்கிறது, அதாவது அதைத் தீர்க்க முனைகிறது. முகவரியை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை எப்படிப் புரட்டினாலும் பொருள் வராது. தெரிந்த சொல், தெரியாத பொருள் என்று இதற்கு ஆசிரியர்கள் தனியாகவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். புதுச் சொல்லைவிட இது ஆபத்தானது. புதுச் சொல் வந்தால் மாணவர் நின்று யோசிப்பார். பழகிய சொல்லில் நிற்காமல் கடந்துவிடுவார்.

அதைவிடப் பெரிய தடை வாக்கிய அமைப்பு. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் சீனமும் தமிழும் ஒரே பக்கம். ‘என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்’ என்கிறோம். யார் என்ற விவரம் முதலில், ‘பெண்’ கடைசியில். சீனத்திலும் அப்படித்தான், விவரம் எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் அது தலைகீழ். ‘தி கேர்ள் சிட்டிங் நெக்ஸ்ட் டு மை பிரதர் லாஃப்ட்’ என்ற வாக்கியத்தைச் சீன மாணவர் இடமிருந்து வலமாகச் சொல் சொல்லாக மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே போகிறார். ‘மை பிரதர் லாஃப்ட்’ என்ற மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சிரித்தது யார்? அவசரத்தில் படித்தவர் அண்ணன் என்பார். சிரித்தது அந்தப் பெண். ஒரு சொல்கூடத் தெரியாத சொல் இல்லை. ஆனாலும் விடை தவறு.

எட்டு சொல் வாக்கியத்திலேயே இப்படி என்றால், எழுவாய் முதல் வரியிலும் வினைச்சொல் மூன்றாம் வரியிலும் நிற்கும் டி பகுதி வாக்கியங்களை நினைத்துப் பாருங்கள். நல்ல ஆசிரியர்கள் இதற்குத் தரும் பயிற்சி எளிமையானது. வாக்கியத்தின் முதன்மை வினையை முதலில் கண்டுபிடி, அதைச் செய்தவர் யார் என்று பார், மற்றதையெல்லாம் பென்சிலால் அடைப்புக்குள் போடு, கடைசியில் அடைப்புகளை ஒவ்வொன்றாகத் திற. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நீண்ட வாக்கியங்களை இப்படிப் பிரித்துப் பழகினால் சில மாதங்களில் கண்ணே அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். ஐம்பது புதிய சொல்லை உருப்போடுவதைவிட இது பலன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

காலம் காட்டும் வினை வடிவங்களும் தொல்லை கொடுக்கும். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. நேற்று, நாளை போன்ற சொற்களும் சில துணைச் சொற்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஷீ ஹேட் பிளான்ட் டு லீவ்’ என்று ஒரு வரி வந்தால், கிளம்பத் திட்டமிட்டிருந்தாள், ஆனால் வேறு ஏதோ நடந்திருக்கலாம் என்ற ஜாடை அந்த ‘ஹேட்’டில் இருக்கிறது. ‘திட்டம்’, ‘கிளம்பு’ என்ற இரண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டவர், ‘அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள்’ என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

தவறான விடைகள் எப்படிச் செய்யப்படுகின்றன

ஒரு சிறிய உரையை நானே எழுதித் தருகிறேன். தேர்வில் இது ஆங்கிலத்தில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘நகர நூலகம் மூன்று ஆண்டுகளுக்கு முன் புத்தகங்களோடு கருவிகளையும் இரவல் தரத் தொடங்கியது. முதல் ஆண்டில் வந்தவர்கள் பெரும்பாலும் புதிதாக வீடு மாறியவர்கள். ஏணியையும் துளைபோடும் இயந்திரத்தையும் காசு கொடுத்து வாங்கி, ஒரே நாள் பயன்படுத்திவிட்டு மூலையில் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததை நூலகரே எதிர்பார்க்கவில்லை. கருவியைத் திருப்பித் தர வந்தவர்கள், அதை எடுத்துப் போக வந்தவர்களுக்கு எப்படிக் கையாள்வது என்று அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது சனிக்கிழமை காலைகளில் அங்கே பழுதுபார்க்கும் வகுப்பு நடக்கிறது. நடத்துபவர்கள் நூலக ஊழியர்கள் அல்லர்.’

கேள்வி: முதல் ஆண்டில் மக்கள் கருவிகளை இரவல் வாங்கியது ஏன்? ஏ, பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதற்காக. பி, எப்போதாவது தேவைப்படும் பொருளுக்குச் செலவு செய்ய விரும்பாததால். சி, புதிய வீடு வாங்கப் பணம் சேர்ப்பதற்காக. டி, நூலகத்தின் கட்டணம் கடைகளைவிடக் குறைவாக இருந்ததால்.

பி சரி. ஆனால் அந்த ஆப்ஷனில் உள்ள ‘எப்போதாவது தேவைப்படும்’, ‘செலவு’ என்ற சொற்கள் உரையில் எங்கும் இல்லை. உரையின் கருத்தை வேறு சொற்களில் சொல்வதுதான் சரியான விடையின் வழக்கம். உரையில் உள்ள சொற்களை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் தவறான ஆப்ஷன்கள். சி ஆப்ஷனைப் பாருங்கள்: ‘புதிய’, ‘வீடு’, ‘வாங்க’ எல்லாம் சிறு வடிவ மாற்றத்தோடு உரையில் வந்த சொற்களே. சொற்களைக் காப்பாற்றிவிட்டு, அவை தாங்கிய கருத்தை நைசாக மாற்றிவிட்டார்கள். சீன ஆசிரியர்கள் இந்த வகையைக் கருத்தைக் களவாடி மாற்றுதல் என்பார்கள்.

ஏ ஆப்ஷன் இன்னும் தந்திரமானது. பழுதுபார்க்கும் வகுப்பு உரையில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது இன்றைய கதை. கேள்வி முதல் ஆண்டைப் பற்றியது. ஒருவருடையதை இன்னொருவருக்கும், ஒரு காலத்தில் நடந்ததை இன்னொரு காலத்துக்கும் மாற்றிப் பொருத்தும் இந்த வகைக்கு, ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது என்ற சீன மரபுத்தொடரையே பெயராக வைத்திருக்கிறார்கள். டி ஆப்ஷன் காற்றில் பிறந்தது. கட்டணம் பற்றி உரை வாயே திறக்கவில்லை. ஆனால் நியாயமாகத் தோன்றுகிறது, நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது, அதனால் பலர் அதில் விழுவார்கள்.

இதே உரைக்குத் தலைப்பு கேட்டால் நான்காவது வகை வந்துவிடும். ‘ஏணி இரவல் வாங்குவது எப்படி’ என்பது ஒரு சின்ன விவரத்தை முழு உரையாகக் காட்டுவது. ‘நூலகங்களின் எதிர்காலம்’ என்பது உரையைத் தாண்டி ஊர் உலகத்தையே அளப்பது. ‘கருவிகளால் ஒன்றுசேர்ந்த மனிதர்கள்’ என்றால் உடம்புக்கேற்ற சட்டை. தலைப்புக் கேள்வியில் திணறும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு பத்தியும் அந்தத் தலைப்புக்குக் கீழ் நிற்குமா என்று பாருங்கள். நூலகர் எதிர்பாராத திருப்பம் ‘ஏணி இரவல்’ என்ற தலைப்புக்குக் கீழ் நிற்காது.

உரையில் நேராகச் சொல்லாததை ஊகிக்கச் சொல்லும் கேள்விதான் எல்லோரையும் மிரட்டுவது. ‘சனிக்கிழமை வகுப்பைப் பற்றி என்ன தெரிகிறது?’ என்று கேட்டால், இரவல் வாங்க வந்த மக்களிடமிருந்தே அது உருவானது என்பது விடை. உரை அப்படி ஒரு வாக்கியம் எழுதவில்லை. ஆனால் எதிர்பாராதது என்கிறது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது, நடத்துபவர்கள் ஊழியர்கள் அல்லர் என்கிறது. மூன்றையும் சேர்த்தால் அந்த முடிவு தானாக வந்து நிற்கும். ‘வகுப்பால் நூலகத்துக்கு வருமானம் பெருகியது’ என்பதும் ஊகம்தான், ஆனால் அதற்கு உரையில் ஆதாரமே இல்லை. இந்தத் தேர்வு எதிர்பார்க்கும் ஊகம் உரையிலிருந்து ஒரே ஓர் அடி எடுத்து வைப்பது. இரண்டாவது அடி வைத்தால் அது மாணவரின் சொந்தக் கற்பனை.

சொந்த அறிவும் இங்கே காலை வாரும். மறுபடி 2023 தாளுக்கே வருவோம். அதன் டி பகுதி, கூட்டத்தின் ஞானம் என்று சொல்லப்படும் கருத்தைப் பற்றியது. 1907இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட கட்டுரையில் உரை தொடங்குகிறது. பலர் தனித்தனியாக மதிப்பிட்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் உண்மைக்கு மிக அருகில் வரும். ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஒருவர் மதிப்பீடு இன்னொருவரைப் பாதித்து எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் கெட்டுப்போகும். இதுவரை அறிவியல் நூல்கள் படிக்கும் மாணவருக்குத் தெரிந்த கதை. அதன் பிறகு உரை திரும்புகிறது. அண்மைக்கால ஆய்வொன்றில் கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவிட்டார்கள். அந்தக் குழுக்கள் கலந்துபேசிச் சொன்ன மதிப்பீடுகளின் சராசரி, அதே எண்ணிக்கையிலான தனிநபர்களின் சராசரியைவிடத் துல்லியமாக இருந்தது.

‘கலந்து பேசினால் ஞானம் கெடும்’ என்று முன்பே படித்து வைத்திருக்கும் மாணவர், இரண்டாம் பத்தியைப் படித்ததும் ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று வேகமெடுத்தால், மூன்றாம் பத்தியின் திருப்பத்தைத் தவறவிடுவார். பாவம், அவருக்கு விஷயம் தெரியும், தெரிந்ததால்தான் தவறுகிறார். ஆங்கிலக் கட்டுரையில் இப்படித் திரும்பும் இடத்தில் ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘அதைவிட வியப்பு’ என்ற பொருளில் ஒரு சொல் நிற்கும். அந்தச் சொல்லைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கேள்விகள் அடிக்கடி அங்கிருந்துதான் பிறக்கின்றன.

அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பொருள் கேட்கும் கேள்வி பயப்பட வேண்டியதே இல்லை. ‘ஆற்றில் வெள்ளம், பாலமும் இல்லை. ஊரார் மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய புணையில் ஏறி அக்கரை சேர்ந்தார்கள்’ என்று படித்தால், புணை என்ற சொல்லை முன்பின் கேட்டிராதவருக்கும் அது மிதவை என்று தெரிந்துவிடும். சுற்றியுள்ள மூங்கில், கட்டுதல், அக்கரை எல்லாம் சேர்ந்து பொருளைக் கையில் கொடுத்துவிடுகின்றன. தேர்விலும் அதே கதைதான். முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் படித்தால் போதும். பொருள் தெரியாத சொல்லைப் பார்த்ததும் கை நடுங்குபவர்கள் இதைத் தாய்மொழியில் தினமும் செய்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

‘ஏழில் ஐந்து’ பகுதியில் சோதிப்பது வாக்கியங்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதை. ஓர் ஆப்ஷன் ‘இந்தப் பழக்கம்’ என்று தொடங்கினால், கோடிட்ட இடத்துக்கு முந்தைய வாக்கியத்தில் ஒரு பழக்கம் இருந்தாக வேண்டும். ‘அவர்கள்’ என்றால் பன்மைப் பெயர் ஒன்று முன்னால் இருக்க வேண்டும். பத்தியின் தொடக்கத்தில் இடம் விட்டிருந்தால் அந்தப் பத்தி முழுவதையும் தாங்கும் பொதுவான வாக்கியம் தேவை. இந்தப் பகுதியில் ஒரு தவறு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒன்றை மாற்றி வைத்தால் அதற்குரிய இடமும் பறிபோய், இரண்டு விடை சேர்ந்து போகும், ஐந்து மதிப்பெண் காலி. அதனால் மிக உறுதியானதை முதலில் நிரப்பிவிட்டு, சந்தேகமானதைக் கடைசிக்கு வைப்பது நல்லது.

கதையைத் தொடர்ந்து எழுதும் கேள்வியை 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணம் முதலில் கொண்டுவந்தது, பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. பாதியில் நிற்கும் ஒரு கதையும் அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களும் தரப்படும். மாணவர் சுமார் 150 சொல்லில் கதையை முடிக்க வேண்டும். பார்க்க எழுத்துத் தேர்வு மாதிரி இருந்தாலும் இது வாசிப்பின் உச்சம். முதல் பத்தியில் போகிற போக்கில் சொன்ன ஒரு பழைய கடிகாரம் எதற்கு வந்தது, அந்தப் பாட்டி ஏன் பேசாமல் இருந்தாள் என்பதை உணராமல் எழுதினால் கதை ஒட்டாது. அலங்காரமான வாக்கியங்களை முன்கூட்டியே உருப்போட்டு வந்து இறக்கிவைப்பவர்களின் விடை, மொழி நன்றாக இருந்தும் கதைக்கு அந்நியமாக நிற்பது இதனால்தான்.

அடுத்து, எல்லா மாணவரும் கேட்கும் கேள்வி: முதலில் கேள்வியைப் படிப்பதா, உரையைப் படிப்பதா? ஆசிரியர்களிடையே இரண்டு கட்சியும் உண்டு. கேள்வியைப் படித்துவிட்டு உரைக்குப் போங்கள், ஆப்ஷன்களைப் படிக்காதீர்கள் என்பது என் தரப்பு. கேள்வி எதைத் தேட வேண்டும் என்று சொல்லும். ஆப்ஷன்களோ நான்கில் மூன்று பொய். உரையைப் படிக்குமுன் அவற்றைப் படித்தால் அந்தப் பொய்கள் மனதில் இடம்பிடித்து, உரையில் இல்லாததை இருப்பதாகக் காட்டும். கேள்விகள் பெரும்பாலும் உரையின் வரிசையிலேயே வரும் என்பதால் தேடுவதும் கடினமில்லை. ஏ பகுதிக்கு மட்டும் நேராகத் தகவலுக்குப் போகலாம், முழுதாகப் படிக்க வேண்டியதில்லை.

பயிற்சி வகுப்புகளில் பரவலாகச் சொல்லித்தரும் குறுக்குவழிகள் எனக்கு வருத்தம் தருகின்றன. ‘மட்டும்’, ‘எப்போதும்’ போன்ற சொல் வரும் ஆப்ஷன் தவறு, ஆசிரியரின் மனநிலை பற்றிக் கேட்டால் ‘அக்கறையில்லை’ என்பதை அடித்துவிடு என்றெல்லாம் சொல்வார்கள். பல தடவை பலிக்கும். ஆனால் உரையே ‘மட்டும்’ என்று சொல்லும் நாளில் அந்த விதி மாணவரைக் கைவிட்டுவிடும். அதைவிட மோசம், இரண்டு ஆண்டு குறுக்குவழி பழகிய பிள்ளை உரையை உரையாகப் படிக்கவே மறந்துபோகிறான். 17 வயதில் ஆம்ஸ்டர்டாம் சைக்கிளைப் பற்றியும், 2023 தாளின் பி பகுதியில் வந்த, செடிகளையும் நுண்ணுயிர்களையும் வைத்து அழுக்கு நீரைச் சுத்தம் செய்த ஜான் டாட் என்ற மனிதரைப் பற்றியும் படிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது அவனுக்குக் கிடைக்காமல் போவது பெரிய இழப்பு.

பெய்ஜிங் தாள் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே சில வாசிப்புக் கேள்விகளுக்கு மாணவர்கள் சொந்த வாக்கியத்தில் விடை எழுத வேண்டும். ஒரு கேள்வியில் உரையைப் பற்றிய ஒரு கூற்றைத் தந்து, அதில் எந்தப் பகுதி தவறு என்று அடையாளம் காட்டி, ஏன் தவறு என்றும் விளக்கச் சொல்வார்கள். அங்கே ஆப்ஷன் இல்லை, குருட்டாம்போக்கில் அடிக்கவும் வழியில்லை.

நான்கு ஆப்ஷன் தாள் எழுதுபவர்களும் இதை வீட்டில் பழகலாம். சீன மாணவர்கள் பலரும் தவறிய கேள்விகளை ஒட்டி வைக்கும் நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். கணிதத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது. வாசிப்புக்குப் பலர் கேள்வியை வெட்டி ஒட்டி, சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே உரை மறுபடி தேர்வில் வராது, ஆகவே அந்த விடையால் பயனில்லை. எழுத வேண்டியது மூன்று. நான் எந்த ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தேன், அந்த நொடியில் எதை நம்பித் தேர்ந்தெடுத்தேன், சரியான விடைக்கு ஆதாரமான வாக்கியம் உரையில் எந்த வரியில் இருக்கிறது. ‘ஏ போட்டேன். பழுதுபார்க்கும் வகுப்பு என்று படித்தது நினைவிருந்தது. முதல் ஆண்டு என்று கேட்டதைக் கவனிக்கவில்லை. ஆதாரம் மூன்றாவது வாக்கியம்’ என்று எழுதினால் போதும். இருபது முப்பது தவறுகள் சேர்ந்ததும் நோட்டைப் புரட்டினால் எந்த வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். காலத்தைக் கவனிக்காத ஒருவருக்கும், நீண்ட வாக்கியத்தில் எழுவாயைத் தொலைக்கும் இன்னொருவருக்கும் வேண்டிய பயிற்சி வேறு வேறு. அடுத்த உரையை எடுக்கும்போது முதலில் தேட வேண்டியதும் அந்த ஒன்றைத்தான்.